மேடை கோணலா, விரல் கோணலா: கன்சோல் விளையாட்டைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்னும் பழமொழிக்கு இன்றைக்கும் வேலை குறையாத இடம் ஒன்று உண்டென்றால் அது கன்சோல் விளையாட்டுதான், அதாவது தொலைக்காட்சியோடு ஒரு பெட்டியை இணைத்து ஆடும் விளையாட்டு. தோற்ற மறுநொடியே கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும், பேட்டரி தீர்ந்திருக்குமோ என்று உரக்கச் சந்தேகிப்பதும், திரைக்குக் குறுக்கே நடந்து போனவர் மீது பழியைப் போடுவதும் எங்கள் கூட்டத்தின் பரம்பரைப் பழக்கம். அதில் நானும் சளைத்தவன் அல்லன். ஆனால், இந்த ஆட்டத்தில் மேடை சில சமயம் மெய்யாகவே கோணலாக இருக்கிறது என்பதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. தொலைக்காட்சி படத்தைத் தாமதமாகக் காட்டலாம். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக் என்னும் சிறு குமிழ், யாரும் தொடாமலே தள்ளப்பட்டதாகப் பொய் சொல்லலாம். விளையாட்டு உலகை உங்களுக்குக் காட்டும் பார்வையான கேமரா திரும்பும் திசை உங்கள் மூளைக்கு நேர்மாறாக இருக்கலாம். இவற்றைச் சரிசெய்யாமல் உட்கார்ந்தவர் பத்து நிமிடத்தில் எட்டு முறை செத்துவிட்டு, "இதெல்லாம் நமக்கு வராது" என்று எழுந்து போய்விடுவார். ஆகவே முதலில் மேடையை நேராக்குவோம். பிறகு விரலைப் பழக்குவோம். ஆட்டம் அதற்கும் பிறகுதான்.

முதற்படி: எந்தப் பெட்டி?

இன்று கடைக்குப் போனால் மூன்று குடும்பங்கள் எதிரே நிற்கும். சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவை 2020 நவம்பரில் வந்தவை. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2017 மார்ச்சிலும், ஸ்விட்ச் 2 என்னும் அடுத்த தலைமுறை 2025 ஜூனிலும் வந்தன. எது அதிக வலுவுடையது என்ற பட்டிமன்றத்தில் புதியவர் தலையைக் கொடுக்க வேண்டாம். அந்த மன்றத்தில் இதுவரை எந்த நடுவரும் உயிரோடு தீர்ப்புச் சொல்லி முடித்ததில்லை. உங்களுக்குத் தேவையான கேள்விகள் இரண்டே. நீங்கள் ஆட ஆசைப்படும் விளையாட்டு எந்தப் பெட்டியில் ஓடுகிறது? உங்களோடு ஆடப் போகிறவர்களிடம் எந்தப் பெட்டி இருக்கிறது? மாரியோவின் புது ஆட்டம் வேண்டும் என்பவருக்கு நின்டெண்டோவைத் தவிர வேறு வழி இல்லை. நண்பர்கள் நால்வரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பெட்டியை வைத்திருந்தால், ஐந்தாவதாக வருகிறவர் மாற்றுக் கருத்து வைத்திருப்பதில் பயன் ஏதுமில்லை.

வாங்கும் முன் பெட்டியில் டிஸ்க் செருகும் வாய் இருக்கிறதா என்று பாருங்கள். சீரிஸ் எஸ்ஸிலும், பிளேஸ்டேஷன் 5இன் டிஜிட்டல் பதிப்பிலும் அது கிடையாது. எல்லாவற்றையும் இணையக் கடையிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். டிஸ்க் என்றால் ஆடி முடித்தபின் விற்கலாம், இரவல் கொடுக்கலாம், இரவல் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாமல் நட்பையும் முறித்துக்கொள்ளலாம். இறக்கிய விளையாட்டில் இந்த வசதிகள் இல்லை. ஸ்விட்ச் விளையாட்டுகள் விரல்நகம் அளவுள்ள அட்டைகளில் வருகின்றன. குழந்தைகள் விழுங்கிவிடாமல் இருக்க அவற்றின் மேல் டெனட்டோனியம் பென்சோயேட் என்னும் கடுங்கசப்புப் பொருளைப் பூசியிருக்கிறார்கள். குழந்தைகளை விடப் பெரியவர்களே அதை நக்கிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்கள் என்பது என் கணிப்பு. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

பழைய பெட்டியைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் பெயரை இரண்டு முறை படிக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் வரிசையில் முதலாவது வெறும் எக்ஸ்பாக்ஸ், இரண்டாவதன் பெயர் 360, மூன்றாவதன் பெயர் ஒன். அதன் வலுக்கூடிய வடிவம் ஒன் எக்ஸ், அதற்கு அடுத்த தலைமுறை சீரிஸ் எக்ஸ். எண்ணிக்கை அறிந்த எவரையும் தடுமாற வைக்கும் வரிசை இது. ஓர் எழுத்துப் பிசகினால் ஒரு தலைமுறை பின்னால் போய்விடுவீர்கள்.

இரண்டாம் படி: தொலைக்காட்சியை அடக்குதல்

கன்சோலை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். அது வேலை செய்யும்போது சூடான காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். காற்றுக்கு வழியில்லையென்றால் விசிறி முதலில் முனகும், பிறகு அலறும், கடைசியில் பெட்டி தன்னையே அணைத்துக்கொள்ளும். பெட்டியையும் தொலைக்காட்சியையும் இணைக்க, பெட்டியோடு வந்த எச்டிஎம்ஐ கேபிளையே பயன்படுத்துங்கள். இழுப்பறையில் கிடக்கும் பழைய கேபிள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் 4கே என்னும் உயர்ந்த தெளிவில் வினாடிக்கு 120 ஃப்ரேம், அதாவது 120 தனிப்படங்கள், ஓடும் காட்சியைச் சுமக்க அதனால் முடியாமல் போகலாம். தொலைக்காட்சியின் எல்லாத் துளைகளும் அந்த வேகத்தைத் தாங்குவதில்லை. பல மாடல்களில் ஒன்றோ இரண்டோ மட்டும் தாங்கும்.

இனிமேல் சொல்வது மிக முக்கியமானது. உங்கள் தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் சென்று 'கேம் மோட்' என்பதை இயக்குங்கள். திரைப்படம் பார்ப்பவருக்காகத் தொலைக்காட்சி ஒவ்வொரு ஃப்ரேமையும் வாங்கி, மெருகேற்றி, அசைவை வழவழப்பாக்கி, பிறகே திரையில் காட்டுகிறது. படம் பார்ப்பவருக்கு அந்தத் தாமதம் தெரியாது, ஏனென்றால் அவர் எதையும் அழுத்துவதில்லை. நீங்களோ அழுத்துகிறீர்கள். வினாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் விளையாட்டில் ஒரு ஃப்ரேமின் ஆயுள் சுமார் 17 மில்லிவினாடி. தொலைக்காட்சி தன் ஒப்பனை வேலைக்கு 100 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால், நீங்கள் திரையில் காண்பது ஆறு ஃப்ரேமுக்கு முந்தைய உலகம். குழிக்கு முன்னால் நிற்பதாக நினைத்துத் தாவுவீர்கள், உங்கள் ஆள் ஏற்கெனவே குழிக்குள் இருப்பான். நான் ஒரு வருடம் முழுக்க இப்படிச் செத்துக்கொண்டிருந்தேன். வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டும் இருந்தேன். பிறகு ஒருநாள் தற்செயலாக அந்த அமைப்பை மாற்றியதும் ஒரே மாலையில் பத்து வயது குறைந்தது. புதிய தொலைக்காட்சிகள் சில, கன்சோலைக் கண்டதும் தாமாகவே கேம் மோடுக்கு மாறிவிடும். மாறியிருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: காத்திருத்தல்

வாங்கிய அன்றே விருந்தினரைக் கூப்பிட்டு உட்காரவைக்காதீர்கள். கன்சோல் முதலில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்; பிறகு கன்ட்ரோலர் புதுப்பித்துக்கொள்ளும்; டிஸ்க்கைப் போட்டால் அதில் உள்ளதைப் பெட்டிக்குள் நகலெடுக்கும்; எடுத்து முடித்ததும் அந்த விளையாட்டுக்கு வந்திருக்கும் திருத்தங்களை இறக்கும். நான்கு பேர் சுற்றி அமர்ந்து ஒரு நீலக் கோடு நகர்வதைப் பார்ப்பதுபோல் நட்பைச் சோதிக்கும் அனுபவம் வேறு இல்லை. இடத்துக்கும் திட்டமிடுங்கள். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5இல் 825 ஜிபி இருப்பதாகச் சொல்லப்பட்டாலும் உங்கள் பங்குக்குக் கிடைப்பது சுமார் 667 ஜிபி. பெரிய விளையாட்டுகள் சில தனியாகவே 100 ஜிபியைத் தாண்டும். ஸ்விட்ச் 2 வாங்குகிறவர்கள் நினைவக அட்டை வாங்கும்போது மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய ஸ்விட்சில் இருந்த சாதாரண அட்டையில் அதன் விளையாட்டுகளை வைக்க முடியாது.

நான்காம் படி: கன்ட்ரோலர் என்னும் மொழி

தலைமுறை தலைமுறையாக ஆடுகிறவர்கள் மறந்துவிடும் உண்மை ஒன்று உண்டு. பதினைந்துக்கும் மேற்பட்ட பொத்தான்களைப் பார்க்காமலே அழுத்துவது இயல்பான மனிதச் செயல் அன்று. புதியவர் ஒருவர் ஆடும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள்: "முக்கோணத்தை அழுத்து" என்று திரை சொல்லும், அவர் குனிந்து கன்ட்ரோலரில் முக்கோணத்தைத் தேடுவார், கண்டுபிடித்து, கட்டைவிரலை அதன் மேல் வைத்து, வெற்றியோடு நிமிர்வார், அதற்குள் திரையில் கரடி தன் வேலையை முடித்திருக்கும். இதில் அறிவுக்கோ திறமைக்கோ சம்பந்தமே இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவம், அவ்வளவுதான்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இடப்பக்கம் உள்ள சிலுவை வடிவத் திசைப் பொத்தான், நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982இல் ஒரு கையடக்க விளையாட்டுக்காக உருவாக்கிய வடிவத்தின் வாரிசு. இப்போது நடப்பதற்கு அதைவிட ஸ்டிக்கே அதிகம் பயன்படுகிறது. இடது ஸ்டிக் ஆளை நகர்த்தும், வலது ஸ்டிக் கேமராவைத் திருப்பும். வலப்பக்கத்து நான்கு பொத்தான்களில்தான் உலகக் குழப்பம் குடியிருக்கிறது. எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, பி வலப்புறம். நின்டெண்டோவில் ஏ வலப்புறம், பி கீழே. எக்ஸும் ஒய்யும் அதேபோல் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். இரண்டு பெட்டிகளையும் வைத்திருப்பவர் வாழ்நாள் முழுக்க 'சரி' என்பதற்குப் பதிலாக 'ரத்து' என்பதை அழுத்திக்கொண்டிருப்பார்.

பிளேஸ்டேஷனில் எழுத்துக்குப் பதில் வடிவங்கள். அவற்றைத் தீட்டிய தெய்யூ கோட்டோவின் விளக்கப்படி முக்கோணம் பார்வைக் கோணத்தையும், சதுரம் ஒரு தாளையும், வட்டம் 'ஆம்' என்பதையும், குறுக்குக் கோடு 'இல்லை' என்பதையும் குறிக்கின்றன. ஜப்பானில் அப்படித்தான் இருந்தது. கடல் கடந்ததும் குறுக்குக் கோடு 'ஆம்' ஆகிவிட்டது. பிளேஸ்டேஷன் 5 வந்தபோது ஜப்பானுக்கும் அதே மாற்றத்தைக் கொண்டுசென்றார்கள். இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம் உள்ள ஒரு நாட்டின் கட்டைவிரல்கள் அன்று என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், உங்கள் தடுமாற்றம் சிறிதாகத் தோன்றும்.

மேல்விளிம்பில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பொத்தான்கள் உள்ளன. பிளேஸ்டேஷன் பெயர்களில் சொன்னால் முன்னால் இருப்பவை எல்1, ஆர்1. அவற்றுக்குக் கீழே துப்பாக்கி விசைபோல் அமுங்குபவை எல்2, ஆர்2. சரி, எல்3, ஆர்3 எங்கே? முதன்முதலில் ஒரு விளையாட்டு என்னிடம் "ஆர்3ஐ அழுத்தவும்" என்றபோது நான் கன்ட்ரோலரின் நான்கு பக்கமும் தேடினேன், அடியில் தேடினேன், அட்டைப்பெட்டிக்குள் ஏதாவது விடுபட்டுக் கிடக்கிறதா என்றும் தேடினேன். திரையில் என் வீரன் பொறுமையாகக் கதவுமுன் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் கழித்து, ஆத்திரத்தில் வலது ஸ்டிக்கைக் குத்தியபோது 'டிக்' என்றது, கதவு திறந்தது. ஸ்டிக்கை நேர்கீழாக அமுக்கினால் அதுவே ஒரு பொத்தான். இதை எவரும் எவருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒவ்வொருவரும் ஆத்திரத்தின் வழியாகவே இந்த ஞானத்தை அடைகிறார்கள். உங்களுக்கு அந்த இருபது நிமிடம் மிச்சம்.

இப்போது பயிற்சி. எதிரிகள் இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பிளேஸ்டேஷன் 5 வாங்கியவர்களுக்கு அதில் ஏற்கெனவே இடப்பட்டிருக்கும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் போதும், மற்றவர்களுக்கு எந்த விளையாட்டின் ஊர்ப்புறமும் ஆகும். ஒரு தூணையோ மரத்தையோ குறிவைத்து, இடது ஸ்டிக்கால் அதைச் சுற்றி நடந்தபடியே, வலது ஸ்டிக்கால் அது எப்போதும் திரையின் நடுவில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு கட்டைவிரல்களும் சண்டை போட்டுக்கொண்ட மாட்டுச்சோடிபோல் ஆளுக்கொரு திசையில் இழுக்கும். சுவரைப் பார்ப்பீர்கள், வானத்தைப் பார்ப்பீர்கள், உங்கள் ஆளின் பாதத்தைப் பார்ப்பீர்கள். தினமும் கால் மணி நேரம், வலமாகப் பாதி, இடமாகப் பாதி. சில நாளில் யோசிக்காமலே சுற்றிவருவீர்கள். என் அனுபவத்தில் விளையாட்டைக் கைவிட்டவர்களில் பெரும்பாலோர் எதிரியிடம் தோற்றவர்கள் அல்லர், கேமராவிடம் தோற்றவர்கள்.

ஸ்டிக்கை மேலே தள்ளினால் பார்வை கீழே போவதுபோல் உங்களுக்கு எப்போதும் தப்பாகவே வருகிறதா? அமைப்புகளில் மேல்கீழைத் தலைகீழாக்கும் வசதி ஏறக்குறைய எல்லா விளையாட்டுகளிலும் இருக்கிறது. நேராக வைப்பவர்களும் தலைகீழாக வைப்பவர்களும் ஒருவரையொருவர் மனநிலை பிறழ்ந்தவர்களாகக் கருதுகிறார்கள்; இருவரும் நன்றாகவே ஆடுகிறார்கள். கேமராவின் வேகத்தையும் பாதியாகக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்டிக்கைச் சந்தேகிப்பதற்கும் ஒரு முறை உண்டு. கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். உங்கள் ஆள் தானாக நடக்கத் தொடங்கினால், அல்லது கேமரா மெல்லச் சாய்ந்துகொண்டே போனால், ஸ்டிக் 'ட்ரிஃப்ட்' ஆகிறது என்று பொருள். பல கன்ட்ரோலர்களில் ஸ்டிக்கின் நிலையை உரசும் பாகங்கள் கொண்ட மின்தடை அளவியே அளக்கிறது. அது தேயும்போது பொய் சொல்லத் தொடங்குகிறது. அமைப்புகளில் 'டெட் ஸோன்' என்ற அளவைச் சற்றே கூட்டினால் சிறிய பொய்களை விளையாட்டு பொருட்படுத்தாது. காந்தத்தைக் கொண்டு அளக்கும் 'ஹால் எஃபெக்ட்' ஸ்டிக்குகளில் இந்த உரசல் இல்லை என்பதால் அடுத்த கன்ட்ரோலர் வாங்கும்போது அவற்றையும் விசாரித்துப் பாருங்கள். மேசைச் சோதனையில் ஆள் அசையாமல் நின்றால் மட்டும், வருத்தத்தோடு சொல்கிறேன், பழி உங்கள் விரலுக்கே.

ஐந்தாம் படி: மானத்தை விட்டு எளிதாக்குதல்

முதல் விளையாட்டை எளிய நிலையில் ஆடுங்கள். இதில் இழிவு எதுவும் இல்லை. விளையாட்டைச் செய்தவர்களே அப்படித்தான் பிழைத்தார்கள். 1986இல் கொனாமி நிறுவனத்தின் கஸுஹிஸா ஹஷிமோட்டோ, கிரேடியஸ் என்னும் விண்கல விளையாட்டை நின்டெண்டோவின் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, அதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்குத் தன்னால் ஆட முடியவில்லை என்று உணர்ந்து, எல்லா ஆயுதங்களையும் ஒரே அடியாகத் தரும் ரகசியக் குறியீடு ஒன்றை உள்ளே வைத்தார். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. அதுவே கொனாமி குறியீடு என்று உலகப்புகழ் பெற்றது. செய்தவருக்கே கடினமாக இருந்தது என்றால், நேற்று வாங்கிய நீங்கள் 'ஹார்ட்' நிலையைத் தேர்ந்தெடுப்பதற்கு எந்த அவசியமும் இல்லை.

2018இல் வந்த செலஸ்ட் என்னும் மலையேற்ற விளையாட்டில் ஆட்டத்தின் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம். மாரியோ கார்ட் 8 டீலக்ஸில் வண்டி தானாக வேகம் எடுக்கவும், சாலையை விட்டு விழாமல் தானாகவே திரும்பவும் உதவிகள் உண்டு. திருப்ப உதவி இயங்கும்போது வண்டியின் பின்னால் ஒரு சிறு ஆன்டெனா முளைத்திருக்கும். உங்கள் ரகசியம் எல்லோருக்கும் தெரியும், அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டுங்கள். வசன எழுத்துகளையும் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். பல விளையாட்டுகளின் எழுத்து, தொலைக்காட்சிக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்திருப்பவர்களை மனத்தில் வைத்து அச்சிட்டதுபோல் இருக்கிறது.

கடினத்துக்குப் பேர்போன டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் போன்றவற்றைப் பற்றி யாராவது கண்கள் பளபளக்கப் பேசினால் மரியாதையுடன் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவை அருமையான ஆட்டங்கள். முதல் ஆட்டங்கள் அல்ல. மாறாக, 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் கட்டத்தைப் பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்பான், வலப்பக்கம் வெட்டவெளி. எங்கே போவது என்பது சொல்லாமலே புரியும். சற்று நடந்ததும் சுருங்கிய புருவத்தோடு ஒரு குட்டை உருவம் எதிரே வரும். மோதினால் சாவு, தாவினால் பிழைப்பு. செத்தாலும் நடந்த தூரம் சில அடிதான். ஒரு சொல்கூடப் பேசாமல் அந்த விளையாட்டு உங்களுக்கு ஓடவும் தாவவும் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அந்தக் குட்டையனிடம் முதன்முறை சாகாதவர் என்று ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆறாம் படி: நிறுத்தவும் கற்றுக்கொள்ளுதல்

திரையின் மூலையில் சிறு அடையாளம் ஒன்று சுழலும்போது விளையாட்டு உங்கள் முன்னேற்றத்தைச் சேமிக்கிறது. அது மறையும்வரை பெட்டியை அணைக்கக் கூடாது. மின்செருகியைப் பிடுங்குவது பெரும்பாவம். தாமாகச் சேமிக்காத விளையாட்டுகளும் உண்டு என்பதால், புது விளையாட்டைத் தொடங்கியவுடன் எங்கே சேமிப்பது என்பதை முதலில் கண்டறியுங்கள். "இதோ, அடுத்த சேவ் வரை" என்று சொல்லி எழுந்திராதவர் பேச்சை நம்ப வேண்டாம். அந்த அடுத்த சேவ் ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பது அவருக்கும் தெரியும். மணிக்கொருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் ஓய்வெடுக்குமாறு நின்டெண்டோவின் எச்சரிக்கைக் குறிப்பே சொல்கிறது. மினுக்கும் ஒளியால் வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

இணையத்தில் அந்நியரோடு ஆடுவதைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு அதற்கென மாதச் சந்தாவும் வேண்டும். ஆடும் நாள் வந்தால், பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலருக்குள்ளேயே மைக் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நடுவில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் ஆரஞ்சு விளக்கு எரியும். எரிந்தால்தான் ஒலி அடைபட்டிருக்கிறது. எரியாதபோது உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தை முகம் தெரியாத நான்கு பேர் ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதற்குப் பதிலாகப் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து ஆடுங்கள். 2021இல் வந்த இட் டேக்ஸ் டூ, இருவர் இல்லாமல் ஆடவே முடியாத விளையாட்டு. கையை வீசி ஆடும் ஆட்டமென்றால் மணிக்கட்டுப் பட்டையைக் கட்டாயம் மாட்டிவிடுங்கள். 2006இல் வீ கன்சோல் வந்தபோது மக்கள் ஆர்வமிகுதியால் கன்ட்ரோலரைத் தொலைக்காட்சி மீதே எறியத் தொடங்கியதால், நின்டெண்டோ தடித்த பட்டைகளை இலவசமாக மாற்றித் தர வேண்டியதாயிற்று. வந்தவர் குனிந்து பொத்தானைத் தேடும்போது அவர் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கி "இப்படி" என்று நீங்களே ஆடிக்காட்டாதீர்கள். இரண்டு கன்ட்ரோலர்களில் நல்லதை அவரிடம் கொடுங்கள். ட்ரிஃப்ட் ஆகும் பழையதை நீங்கள் வைத்துக்கொண்டால் விருந்தோம்பல் என்ற பெயரும் கிடைக்கும். தோற்றுவிட்டால், மேசைமேல் வைத்துக் காட்டி நிரூபிக்கக்கூடிய கோணல் மேடை ஒன்றும் கைவசம் இருக்கும்.